மந்திரச் சொல்: ஏவலா, வியங்கோளா?

வணக்கம் அக்கா,

மொரீஷியசில் காத்ர் போர்ன் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பீட்டர் போத் மலைக்கு அடியில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம், அதில் சேரும் ஒரு பெண்பிள்ளை, இதுதான் கதை. எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அறுபது மந்திரங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். முதலில் லத்தீன் மாதிரி வைத்தேன், ஹாரி பாட்டரைப் பார்த்து எழுதியது என்றார்கள். சமஸ்கிருதத்துக்கு மாற்றினேன், கோயில் அர்ச்சனை மாதிரி ஆகிவிட்டது. தமிழில் 'எரி', 'பற', 'திற' என்று வைத்தால் நாய்க்குட்டியை அதட்டுவது போல இருக்கிறது. மந்திரம் என்றால் புரியக் கூடாது என்கிறாள் என் மனைவி. அப்படியானால் தமிழில் மந்திரக்கதை எழுதவே முடியாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பட்டியலை இரண்டு முறை படித்தேன். முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், அதுவும் இந்த மொரீஷியசில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற உங்களுக்கு மற்ற யாரையும்விட நன்றாகவே முடியும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. முழுக்கப் புரிந்துவிட்டால் அது மந்திரம் இல்லை. துளியும் புரியாவிட்டால் அது வெறும் சத்தம். ஹாரி பாட்டரில் 'லூமோஸ்' என்றதும் கோல் நுனியில் வெளிச்சம் வருகிறது, லத்தீன் ஒரு எழுத்துகூடத் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைக்கும் அதில் பிரெஞ்சு 'லுமியேர்' கேட்டுவிடுகிறது. 'எக்ஸ்பெல்லியார்மஸ்' என்றால் எதிராளியின் கோல் கையைவிட்டுப் பறக்கும், துரத்துவதும் ஆயுதமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே பதுங்கியிருக்கின்றன. 'லெவியோசா'வில் கனமின்மைக்கான லத்தீன் வேர் இருக்கிறது, இறகு எழும்புகிறது, நம் சித்தர்கள் இதே சித்தியை இலகிமா என்றார்கள். அதாவது அவை புரியாத சொற்கள் இல்லை தம்பி, பாதி புரிகிற சொற்கள்.

அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த ழான் பிரான்சுவா மெனாருக்கு இது தெரிந்திருக்கிறது. சித்திரவதை செய்யும் 'குரூசியோ' அங்கே 'ஆந்தொலோரிஸ்', உள்ளே 'துலேர்' என்ற வலி முனகுகிறது. நினைவை அழிக்கும் 'ஒப்ளிவியேட்' அங்கே 'ஊப்லியெத்', பிரெஞ்சில் மறப்பதற்கான சொல் அதில் அப்படியே இருக்கிறது. காவல் உருவத்தை வரவழைக்கும் 'எக்ஸ்பெக்டோ பெட்ரோனம்' போய் 'ஸ்பெரோ பத்ரோனும்' ஆகிவிட்டது. சொல் மாறிவிட்டது, விளைவு மாறவில்லை.

இந்தக் கடைசிச் சொல்லுக்காக ஒரு நாள் என் ஆறாம் வகுப்பில் சண்டையே நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவன் ஒருத்தன், பிரெஞ்சில் படித்தவன் ஒருத்தன், இரண்டு பேரும் பென்சிலை நீட்டிக்கொண்டு எது சரியான மந்திரம் என்று கத்துகிறார்கள். நான் என்ன தீர்ப்புச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். எங்கள் பாட்டியிடமும் ஒன்று இருக்கிறது என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னாள். வலது கையை உப்பை அள்ளிய மாதிரி மூடிக்கொண்டு, கத்திக்கொண்டிருந்த பையனின் தலையை மூன்று சுற்றுச் சுற்றினாள். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, எல்லாக் கண்ணும் பொசுங்கிப் போக." அப்புறம் அவனை மூடிய கைக்குள் மூன்று முறை துப்பச் சொன்னாள். கையை இல்லாத அடுப்பை நோக்கி விரித்து, உப்பு வெடிக்கிற மாதிரி வாயாலேயே படபடவென்று சத்தம் போட்டாள். வகுப்பு கப்சிப். பென்சில்கள் இறங்கிவிட்டன.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். 'கண்ணு' தெரியும், மீதி தெரியாது என்றாள். நரி என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும், இந்தத் தீவில் நரியே கிடையாதே! 1834க்குப் பிறகு கூலிக்கப்பலில் ஏறி வந்த யாரோ ஒருத்தியின் வாயில் ஏறி வந்த நரி அது, இன்னும் அதன் கண்ணை உப்பிலும் மிளகாயிலும் போட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் தேடுகிற மொழி உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஆங்கிலப் பிள்ளைக்கு லத்தீன் எப்படியோ அப்படித்தான் நம் பிள்ளைகளுக்குப் பாட்டியின் தமிழ், பாதி புரியும், மீதி இருட்டில் இருக்கும். இதை எழுதும்போது எனக்கு வலிக்கவும் செய்கிறது. முப்பது வருஷம் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு, அது பாதிதான் புரிகிறது என்பதைக் கொண்டாட மனம் வருமா? ஆனால் உங்கள் கதை அந்தப் பாதியிலிருந்து தொடங்கட்டும், அங்கேயே நின்றுவிட வேண்டாம்.

சரி, 'எரி', 'திற' ஏன் அதட்டல் மாதிரி கேட்கிறது? அவை ஏவல் வினை. எதிரே நிற்கிற ஒருவனைப் பார்த்துச் செய் என்பது. பாட்டி சொன்னதைப் பாருங்கள், 'போ' என்று சொல்லவில்லை, 'போக' என்றாள். அது வியங்கோள். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நாம் வகுப்பில் ஒப்பிக்க வைக்கிறோமே, அந்த நான்கையும் ஒரே வடிவம் செய்கிறது. ஏவல் முன்னிலைக்கு மட்டும்தான் செல்லும், வியங்கோள் மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் செல்லும். எதிரே இல்லாதவரிடம் சொல்லலாம், நெருப்பிடம் சொல்லலாம், காய்ச்சலிடம், கடலிடம், தன்னிடமேகூடச் சொல்லலாம். மந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினைமுற்று எந்த இலக்கணத்தில் கிடைக்கும்?

ஏவல் என்ற சொல் இலக்கணத்தில் மட்டுமா இருக்கிறது? கிரியோலில் லோங்கானிஸ் என்று பயந்து பயந்து சொல்கிறார்களே, அதை நம் பெரியவர்கள் பில்லி, சூனியம், ஏவல் என்றார்கள். ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக ஆட்டிவைக்கிற வித்தை, ஹாரி பாட்டரில் மன்னிக்கவே முடியாத மூன்று சாபங்களில் ஒன்றான 'இம்பீரியோ' செய்கிற அதே வேலை. உங்கள் கதையின் கெட்டவர்கள் ஏவலில் பேசட்டும், 'எரி', 'விழு', 'சொன்னதைச் செய்'. நல்ல ஆசிரியர்கள் வியங்கோளில் பேசட்டும். ஆனால் வைதலும் வியங்கோளில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். 'அவாடா கெடாவ்ரா' என்ற கொலை மந்திரம்கூட 'அது அழியட்டும்' என்கிற அரமேயம் என்ற பழைய மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கே சொல்லியிருக்கிறார். அழிக என்பதும் வியங்கோள்தானே. ஆக, நல்ல பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும் சபிக்கத் தெரியும். கதை அங்கேதான் சூடுபிடிக்கும்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். அறுபது வேண்டாம் தம்பி. ஆறு போதும். ஒரு சொல்லுக்கு ஒரு விளைவு என்று வைத்தால் அது சுவிட்சுப் பலகை. தமிழ் வினைகள் அப்படி இல்லை. 'தணி' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பு தணியும், காய்ச்சல் தணியும், தாகம் தணியும், கோபம் தணியும். முருகன் சினம் தணிந்த மலை என்பதால்தான் திருத்தணி என்று பெயர், காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளை அந்தப் பெயரைக் காதில் கேட்காமல் வளர்ந்திருக்காது. உங்கள் பெண்பிள்ளைக்குப் பள்ளியில் 'தணிக' என்பது தீயணைக்கும் மந்திரம், அவ்வளவுதான் தெரியும். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறாள், தம்பிக்குக் காய்ச்சல், பாட்டி நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு "தணிஞ்சிருச்சு" என்கிறாள். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பாட்டிக்கு மந்திரம் தெரியுமா? பாட்டிக்குத் தெரிந்தது தமிழ். அன்று முதல் அந்தப் பிள்ளையின் 'தணிக' காய்ச்சலிலும் பலிக்கிறது, பிறகு ஒரு நாள் அப்பாவின் கோபத்திலும். அர்த்தம் தெரியத் தெரிய மந்திரத்தின் எல்லை விரிகிறது, பாதி புரிந்த சொல் முழுசாகப் புரிகிறது, நீங்கள் பாடம் என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

'கட்டு' இன்னொன்று. மந்திரவாதிகள் வாய்க்கட்டு, திசைக்கட்டு, உடற்கட்டு என்பார்கள். நாம் வீடு கட்டுகிறோம், பூக்கட்டுகிறோம், கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிறோம். பூக்கட்டத் தெரிந்த பிள்ளையின் கட்டு மந்திரமும் மற்றவர்கள் போடும் கட்டும் ஒன்றாக இருக்குமா, யோசித்துப் பாருங்கள்.

விளைவுகளுக்கு வகை வேண்டுமானால் மந்திரவாதிகளின் எட்டு வித்தைகளான அட்டகருமம் இருக்கிறது. அசையாமல் நிறுத்துவது தம்பனம், தன்னிடம் இழுப்பது ஆகருடணம், வசப்படுத்துவது வசியம், விரட்டுவது உச்சாடனம், கொல்வது மாரணம். மோகனம், பேதனம், வித்துவேடணம் மீதி மூன்று. பள்ளியின் பாடத்திட்டம் மாதிரி பின்னணியில் வையுங்கள், பிள்ளைகள் வாயில் திணிக்காதீர்கள்.

உச்சரிப்புத் தவறினால் என்ன ஆகும் என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்தில் ஒரு எழுத்தை மாற்றிச் சொன்ன மந்திரவாதி தரையில் கிடக்கிறான், நெஞ்சின்மேல் ஒரு எருமை. நமக்கு எழுத்துகளுக்கா பஞ்சம்? நம் பிள்ளைகள் ண, ன இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை தீயைப் பார்த்து அவசரத்தில் 'தணி'க்குப் பதில் 'தனி' என்று தொடங்கிவிடட்டும். தீ அணையவில்லை, ஆனால் சுற்றி இருந்த எல்லோரும் மறைந்துவிட்டார்கள், அவளும் நெருப்பும் மட்டும். எனக்கு இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது.

விலை என்ன, எல்லை எது என்பதும் சொல்லைவிட முக்கியம். அந்தக் காவல் உருவமான பெட்ரோனஸை வரவழைக்கச் சொல் மட்டும் போதாது, மனதுக்குள் ஒரு மகிழ்ச்சியான நினைவு வேண்டும், அது வலுவாக இல்லாவிட்டால் கோலிலிருந்து புகைதான் வரும். அந்த உலகத்தில் ஒன்றுமில்லாததிலிருந்து சோறு வரவழைக்கவும் முடியாது, ஒளிந்து திரியும் மூன்று பிள்ளைகள் பசியில் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள். நம் பீட்டர் போத் மலையையே பாருங்கள். தேவதைகள் ஆடுவதைப் பார்த்த பால்காரன், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியும் சொல்லிவிட்டான், உச்சியில் கல்லாக நிற்கிறான். என்ன சொல்லிக் கல்லாக்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சொல்லாதே என்ற நிபந்தனை மட்டும் இருக்கிறது, அது போதுமாக இருந்திருக்கிறது. மலைக்கு அடியில் பள்ளியை வைத்துவிட்டு அந்தப் பால்காரனைக் கதைக்குள் கூப்பிடாமல் விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது.

கடைசியாக உங்கள் மூன்றாம் மந்திரம், 'திற'. தமிழில் கதவு திறக்க ஏற்கெனவே ஒரு மந்திரம் பாடியிருக்கிறார்கள், வேதாரணியத்தில். அடைத்துக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பாடினார், திறக்கவில்லை. இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு. திறந்தருள வேண்டும் என்று வேண்டி வேண்டிப் பத்துப் பாட்டு முடிந்தும் திறக்கவில்லை. 'இரக்கம் ஒன்றிலீர்' என்று மனம் நொந்து பாடிய பிறகே கதவு அசைந்தது. அதே கதவைச் சாத்தச் சம்பந்தர் பாடினார், முதல் பாட்டிலேயே சாத்திக்கொண்டது. அந்த இரவு அப்பருக்கு எப்படி இருந்திருக்கும்? பெரியவருக்குப் பதினொன்று, சிறுபிள்ளைக்கு ஒன்று.

உங்கள் பட்டியலில் 'திற' என்றதும் ஒரு நூலகக் கதவு திறந்துகொள்கிறதே, உங்கள் பிள்ளையை அந்தக் கதவுக்கு முன்னால் மறுபடி நிறுத்துங்கள். ஒரே சொல்லில் திறந்துவிடாதீர்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் தீர்ந்துபோகிற வரைக்கும் நிற்கட்டும், கடைசியில் எந்த மந்திரமும் இல்லாமல் கதவிடம் கோபித்துக்கொள்ளட்டும். அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், தைப்பூசம் முடிந்ததும் உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா