ஊரிலிருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மாங்காய் ஒரு கிழமையாகியும் பழுக்கவில்லை, தோல் கறுக்கிறது. மரத்தில் பிழையா?

மரத்தில் பிழை இல்லை. தயவுசெய்து ஊருக்குப் போன் எடுத்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் காய் வந்த கையோடு பிரிஜுக்குள் வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றடியில் அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மட்டும் நின்றது, ஒரு பக்கக் கொப்புகள் முறிந்து, அடிமரத்தில் போரில் விழுந்த செல் (எறிகணை) துண்டு ஏறி, அதைச் சுற்றிப் பட்டை உதடு மாதிரித் தடித்துப்போய். அடுத்த வருஷம் கொஞ்சமாகக் காய்த்தது. அம்மா அவ்வளவையும் கொழும்பிலிருந்த அக்காவுக்குப் பெட்டி கட்டி பஸ்ஸில் அனுப்பினார். அக்கா பழுதாகிவிடும் என்று பயந்து பிரிஜில் அடுக்கிவிட்டார். பத்து நாள் கழித்துப் போன்: தோலெல்லாம் கறுப்புப் புள்ளி, சதை வெளிறி ஒரே புளிப்பு. அம்மா பின்னேரம் போய் அந்தத் தழும்பில் கையை வைத்துக்கொண்டு, "இரும்பு உள்ளுக்க கிடக்கு, அதுதான் பழத்தில இறங்கியிருக்கு" என்றார். அடுத்த முறை காய்த்தபோது ஒருவருக்கும் கொடுக்கவில்லை, வெட்கம். நான்தான் பத்துக் காயை எடுத்து வைக்கோலுக்குள் வைத்தேன். ஐந்தாம் நாள் அறை முழுக்க வாசம். ஒன்றை வெட்டிக் கொடுத்தேன், அம்மா கொட்டையைச் சூப்பி முடிக்கும் வரை பேசவே இல்லை.

நான் விவசாயம் படித்தவன் இல்லை, படித்தவர்கள் திருத்தலாம். ஆனால் 13 பாகை செல்சியஸுக்குக் கீழே பச்சைக் காய் குளிர் தாக்கிப் பழுதாகும் என்பது நிச்சயம், பிரிஜ் 4, 5 பாகையில் நிற்கிறது. மிச்சக் காய்களை வெளியே எடுங்கள், சிலது தப்பலாம். இனி வந்தால் காம்போடு கழுவித் துடைத்து, வைக்கோலிலோ பேப்பரிலோ ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். நிறத்தைப் பார்த்திருக்காதீர்கள், இந்தச் சாதி பழுத்தாலும் பச்சை முழுதாகப் போகாது. காம்படியில் மணக்கும், காம்பைச் சுற்றிய தோள்பகுதி லேசாக இளகும். பழுத்த பிறகு பிரிஜில் மூன்று நான்கு நாள் வைக்கலாம். காபைட் கல் வைத்துப் பழுக்க வைக்க மட்டும் நினைக்காதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது.

இதே மாதிரிச் செல் துண்டு உள்ளே இருக்கும் என்று சொல்லித்தான் ஒரு மர ஆலைக்காரர் எங்கள் வேம்பைப் பாதி விலைக்குக் கேட்டார், வாள் உடையுமாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கள் மரம் என்றாலே முதலில் இரும்பைத் தேடுவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, பழுத்ததும் சுடச்சுடக் குழல் புட்டோடு பிசைந்து சாப்பிடுங்கள். கறி வேண்டாம், கொஞ்சம் தேங்காய்ப்பூ போதும்.