காட்டு நடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் 12 வயது மகனோடு சுமத்ராவின் புக்கிட் லாவாங் போகிறோம். ஒரு வழிகாட்டி, “ஓராங் ஊத்தான் உங்கள் கையிலிருந்தே பழம் வாங்கும்” என்கிறார். கட்டணமும் குறைவு. அவரையே பேசிவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம். அவரை ஒதுக்க அந்த ஒரு வாக்கியமே போதும்.

கூண்டில் வளர்க்கப்பட்ட ஓராங் ஊத்தான்களைக் காட்டுக்குப் பழக்கும் நிலையம் அங்கே 1973இல் தொடங்கியது. அப்படி விடப்பட்டவற்றிலும் அவற்றின் குட்டிகளிலும் சிலவற்றுக்கு மனிதரிடம் பயமே இல்லை. பையைப் பார்த்தால் பழம் ஞாபகம். இன்று உங்களிடம் பழம் வாங்கிய விலங்கு, நாளை வெறுங்கையோடு வருபவரைக் கடிக்கலாம். நம் சளி, இருமலும் அதற்குத் தொற்றும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனம் அது. ஒன்று செத்தாலும் பேரிழப்பு. ஆகவே 10 மீட்டர் இடைவெளி கட்டாயம். நம் சிங்கப்பூர் ஒற்றைத்தட்டுப் பேருந்தின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மகனுக்குச் சளி பிடித்திருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். உரிம அட்டை இருக்கிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? (நான்குக்கு மேல் என்றால் உதவியாளர் வேண்டும்.) தேசியப் பூங்கா அனுமதிச்சீட்டு கட்டணத்தில் சேர்த்தியா? பழம் சாப்பிட எங்கே நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஓராங் ஊத்தான் கண்ணில் படும் இடத்தில் தர்பூசணி வெட்டுபவர், வாயால் என்ன சொன்னாலும் தீனி போடுபவர்தான்.

காட்டில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்றும் தெரியாது. சுமத்ரா ஓராங் ஊத்தான் பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்காது. காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடினால், பழத்தோல் பொத்தென்று விழுந்தால், நின்று மேலே பாருங்கள். நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்; சிறுநீர் கழிக்கும். முத்தமிடுவதுபோல் உதட்டால் சத்தமிட்டுக் கிளையை முறித்துப் போட்டால் அது எச்சரிக்கை. ஓட வேண்டாம். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, வழிகாட்டிக்குப் பின்னால் எல்லாரும் சேர்ந்தே மெல்லப் பின்வாங்குங்கள்.

நீங்கள் விமானத்தில் இறங்கும் மேடானில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கும். விமான நிலையத்திலிருந்து புக்கிட் லாவாங்குக்குச் சாலைப் பயணம் மூன்று, நான்கு மணி நேரம். பிற்பகல் விமானம் பிடித்தால் இருட்டில்தான் போய்ச் சேர்வீர்கள். காலை விமானமே நல்லது. ரொக்க ரூப்பியாவை மேடானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீர் புகாத விலை உயர்ந்த காலணி வாங்கலாமா? அட்டை கடித்தால் உப்பு போதுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வாங்காதீர்கள். ஓடையில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், வெளியேற வழியிருக்காது. மாலைக்குள் பாதம் ஊறித் தோல் உரியும். மலேசிய வழிகாட்டிகள் பலர் போடுவது ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி. அடியில் புடைப்புகள் இருப்பதால் சேற்றில் பிடிக்கும், கழுவினால் முடிந்தது. மெத்தை இல்லை என்பதால் தடித்த காலுறை தேவை. பெரிய பாதத்துக்கு அளவு கிடைப்பது சிரமம்.

அட்டைக்கு உப்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். எரிச்சலில் அது குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி விடுவியுங்கள், பிறகு தடித்த முனை. இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்துவதால் நெடுநேரம் கசியும். சோப்பால் கழுவி அழுத்திப் பிடியுங்கள். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே முழங்கால்வரை இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அட்டையைவிடக் குரங்குக் கடிக்குப் பயப்படுங்கள். 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அன்றே மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. மலேரியா மாத்திரை தேவையா என்பதை நான்கு முதல் ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் நண்பர்கள் நால்வர் மலேசியாவின் தமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். புலி தெரியுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலேசியா முழுவதிலும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. பூங்காவோ 4,343 சதுர கிலோமீட்டர். தபீர் (பன்றி போன்ற, நீண்ட மூக்குள்ள விலங்கு) பார்க்க வேண்டுமானால், விலங்குகள் நக்க வரும் உப்புமண் தரைக்கு எதிரே உள்ள ‘பும்புன்’ மரக்குடிலில் ஓர் இரவு தங்குங்கள். பேச்சு, பளிச்சென்ற விளக்கு, வாசனைத் தைலம் மூன்றும் கூடாது. உணவைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், எலி விடாது.

ஆனால் டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆறு பெருகினால் படகும் நிற்கும், பாதையும் மூடும். மார்ச் பள்ளி விடுமுறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்கள் காட்டில் என்ன செய்வது?
– வாசகி, செங்காங்

பதில்: “இறைச்சி இல்லாமல்” என்று மட்டும் சொன்னால் முட்டையும் பிளாச்சான் என்ற இறால் விழுதும் வரும். இந்தோனேசியாவில் அந்த விழுதின் பெயர் தெராசி. “தன்பா தெலூர், தன்பா இக்கான், தன்பா தெராசி” (முட்டை, மீன், தெராசி இல்லாமல்) என்றும் எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள்: வியர்வையில் உப்பும் போகும், வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை கிறுகிறுக்கும். பொரித்த பருப்பு, வேர்க்கடலை மிட்டாய் கைவசம் இருக்கட்டும். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கி, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.