மகள் அனைத்துலகச் சட்டம் எடுத்திருக்கிறாள், கவலைப்படலாமா?

வணக்கம் ஐயா. செந்தூலில் இருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். இங்கேயே தனியார் கல்லூரியில் பிரிட்டன் சட்டப் பட்டம் படிக்கும் மகள், இரண்டாம் ஆண்டில் அனைத்துலகச் சட்டத்தை, அதாவது நாடுகளுக்கு இடையிலான சட்டத்தை, விருப்பப் பாடமாக எடுத்துவிட்டாள். "வீடு வாங்கி விற்கப் பத்திரம் எழுதினாலே பிழைத்துக்கொள்ளலாமே, இது எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு பாடத்தை மட்டும் நம்பினால் கோலாலம்பூரில் வேலை கிடைப்பது கடினம். ஆனால் உள்நாட்டுச் சட்டத்தோடு இதையும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இடம் உண்டு. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தில் அனைத்துலக விவகாரங்களுக்கென்றே பிரிவு இருக்கிறது. வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா, மனித உரிமை ஆணையமான சுஹாகாம், ஐநா அகதிகள் ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகம் எல்லாம் அப்புறம் வரும் வாய்ப்புகள். அனைத்துலக நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரக் கனவை இப்போதைக்கு ஓரமாக வைக்கலாம்.

பாடம் கைக்கு வர வேண்டுமானால், மலேசியா சம்பந்தப்பட்ட வழக்குகளில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். இறையாண்மை, ஒப்புதல், வழக்காறு என்று வெறும் சொற்களை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரோடு நடந்த பத்து பூத்தே தீவு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறைத் தீவு முதலில் ஜொகூர் சுல்தானகத்துக்குத்தான் உரியது என்று அனைத்துலக நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் 2008 மே மாதம் அதைச் சிங்கப்பூருக்குத் தீர்ப்பளித்தது. 1953இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், அந்தத் தீவுக்கு உரிமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்குப் பதில் எழுதியிருந்தார். பிறகு சிங்கப்பூர் அங்கே அரசாகவே நடந்துகொண்டபோது நம் தரப்பு பல ஆண்டுகள் மறுப்புச் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறானது சிப்பாடான், லிகித்தான் வழக்கு. இந்தோனேசியாவோடு நடந்த அந்த வழக்கில் 2002இல் நாம் வென்றோம். அதற்குக் கைகொடுத்தவை என்ன தெரியுமா? ஆமை முட்டை சேகரிப்பதற்குப் போட்ட விதிகள், பறவைகளுக்கான காப்பிடம், இரண்டு கலங்கரை விளக்கங்கள். நிலம் யாருடையது என்பதை, அங்கே அரசாக நடந்தது யார், அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தது யார் என்பதும் தீர்மானிக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. இன்னொன்று, இரண்டு வழக்குகளும் இரு நாடுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டதால்தான் ஹேக்குக்குப் போயின. சம்மதிக்காத நாட்டை அந்த நீதிமன்றம் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

அடுத்தது உங்கள் மகளின் தொழிலுக்கு நேரடியாக உதவப்போவது. உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டாலே அது நம் நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. கர்ப்பம் என்பதால் தற்காலிக ஆசிரியை வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு, 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அந்த உடன்படிக்கையையும் பார்த்துச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2014இல் ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சி ஒப்பந்தம் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கைக்கு இங்கே சட்ட வலு இல்லை என்றது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கட்டும். நாளைக்குத் தொழிலாளர் வழக்கு எடுத்தாலும் பயன்படும்.

விலக்குரிமைக்கு, அதாவது சிலர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்புக்கு, நான் எப்போதும் சொல்வது டத்தோ பரம் குமாரசுவாமியின் விவகாரம். நம் வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைவராக இருந்தவர், நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்தைக் கவனிக்கும் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளராகவும் இருந்தவர். ஒரு பேட்டியில் சொன்னவற்றுக்காக அவர் மீது கோலாலம்பூரில் அவதூறு வழக்குகள் தொடரப்பட்டன. ஐநா பணியில் பேசியதற்கு அவருக்கு விலக்குரிமை உண்டு என்று 1999இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. அவர் ஐநா பணியில்தான் பேசினார் என்ற ஐநா பொதுச்செயலாளரின் முடிவை நீதிமன்றங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மலேசிய அரசுக்கு இருந்தது என்றும் சொன்னது. நீதிமன்றம் போன்ற ஓர் அரசு உறுப்பு செய்வது அந்த நாடே செய்ததாகக் கருதப்படும் என்ற விதியும் அதில் வருகிறது. இவ்வளவு ஒரே வழக்கில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

தூதரக விலக்குரிமைக்கு 2017இல் கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் சகோதரர் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்ட பிறகு வட கொரியத் தூதரகத்தோடு நடந்த இழுபறியே போதும். கடல் சட்டத்தில் 12 கடல் மைல் (நாட்டின் சொந்தக் கடல் எல்லை), 200 கடல் மைல் (மீன், எண்ணெய் போன்ற வளங்களுக்கான உரிமை) வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். மற்றதை விரிவுரையாளர் பார்த்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். வெளிநாட்டுப் பட்டதாரிகள் இங்கே வழக்கறிஞராக எழுத வேண்டிய சிஎல்பி தேர்வில் இந்தப் பாடம் வராது. பிரிட்டன் பட்டத்தோடு சிஎல்பி எழுத வேண்டுமானால் ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டம்), அரசமைப்பு, குற்றவியல், நிலம், அறக்கட்டளைச் சட்டம் ஆகிய அடிப்படைப் பாடங்கள் தேவை. அவற்றில் ஏதாவது இடறினால், அனைத்துலகச் சட்டத்தில் எடுத்த நல்ல மதிப்பெண் ஈடு செய்யாது. அனைத்துலகச் சட்டத்துக்கான ஜெஸ்ஸப் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கல்லூரி அணி அமைத்தால் சேரச் சொல்லுங்கள். ஆனால் அது நேரத்தை விழுங்கும். நிலச் சட்டத்தில் மதிப்பெண் குறைவாக இருந்தால் அடுத்த ஆண்டு சேரட்டும்.