சமையல் புகையா, ஆலைப் புகையா: நுரையீரலுக்கு எது அதிகக் கேடு?

விறகடுப்பின் புகை, தொழிற்சாலைப் புகை ஆகிய இரண்டில் நுரையீரலை அதிகம் கெடுப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள். நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: புகை எங்கிருந்து கிளம்பியது என்பதைவிட மூச்சோடு எவ்வளவு உள்ளே போனது என்பதே முக்கியம்; அந்தக் கணக்கில், ஆலையின் உயர்ந்த புகைபோக்கியைக் காட்டிலும் முகத்துக்கு நேரே எரியும் அடுப்பு பல வீடுகளில் பெரிய ஆபத்தாக இருக்கிறது.

ஆலைப் புகை காற்றில் கலந்து ஓரளவு நீர்த்த பிறகே நம்மை வந்தடைகிறது. விறகும் வறட்டியும் நிலக்கரியும் காற்றோட்டமற்ற அறையில் எரியும்போது அந்த இடைவெளியே இல்லை. அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுண்துகள்கள் யாவும் சமைப்பவரின் மூச்சு மட்டத்திலேயே தேங்குகின்றன. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்களின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இத்தகைய சமையலறையில், அடுப்பு எரியும் நேரத்தில், அது பல நூறைத் தொடுவது சாதாரணம். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் அதே அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

எங்களிடம் வருவோரில் சிகரெட்டைத் தொட்டே இராத பெண்கள் பலர். குழாயை உதட்டால் இறுக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஊதச் சொல்வோம். முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்று, மொத்தமாக ஊதிய காற்றில் 70 சதவீதத்துக்கும் கீழே இருந்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும் மாறாவிட்டால், அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். படிவத்தில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதியிருக்கும். "எத்தனை வருஷமா விறகடுப்பும்மா?" என்று கேட்டால்தான், "கல்யாணத்துக்கு முன்னாடியே" என்று பதில் வரும். அந்தக் கேள்வி படிவத்திலேயே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். புகைபிடிப்போரிடம் காற்றறைச் சுவர்களின் சிதைவு மிகுதியாகத் தெரிகிறது. விறகுப் புகையால் பாதிக்கப்பட்டோரிடம் சிறு மூச்சுக்குழாய்கள் தடித்துத் தழும்பேறுவதே மேலோங்குகிறது. ஆகவே ஆஸ்துமா என்றோ முதுமை என்றோ இதைத் தள்ளிவிடுவது எளிதாகிவிடுகிறது.

ஆலைப் புகையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. கந்தக டை ஆக்சைடு ஈரமான மூச்சுப்பாதையில் கரைந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே இறுக்கத்தை உண்டாக்கும். அவ்வளவு எளிதில் கரையாத நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னும் ஆழத்துக்குப் போகிறது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய நச்சுப்பனியில் வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகையும் மின்நிலையங்கள், ஆலைகளின் புகையும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது, பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் அங்கு வந்த தூய காற்றுச் சட்டம் இரண்டையுமே கட்டுப்படுத்தியது. அதுவே சரியான அணுகுமுறை என்பது என் உறுதியான கருத்து.

எரிவாயு அல்லது மின்சார அடுப்புக்கு மாறுவது பெரும் பயன் தரும்; ஆனால் வெந்நீருக்கு மட்டும் என்று விறகடுப்பையும் தொடர்ந்தால் அந்தப் பயனில் பெரும்பகுதி போய்விடும். எரிவாயுவும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுவதால் சன்னலைத் திறந்துவையுங்கள். உடனே மாற இயலாதவர்கள் புகைபோக்கியாவது வைக்கலாம்: சீனாவின் சுவான்வெய் பகுதியில் புகைபோக்கி உள்ள அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் நுரையீரல் புற்றுநோய் குறைந்தது. இருமலோ மூச்சிரைப்போ வாரக்கணக்கில் நீடித்தால், விறகடுப்பில் சமைத்த ஆண்டுகளையும் வீட்டுக்கு அருகிலுள்ள ஆலையையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லி, ஸ்பைரோமெட்ரி (மேலே சொன்ன ஊதும் பரிசோதனை) தேவையா என்று நீங்களே கேளுங்கள்.