பதில்: அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி கார் மதிய வெயிலில் நின்றுவிடுகிறது

அண்ணே, நீங்கள் சொன்னபடி வண்டி மதுரைப் பக்கம் கப்பலூர் டோல்கேட் அருகே நின்று, அரை மணி நேரம் ஆறியதும் தானாகக் கிளம்புகிறது என்றால் இன்ஜினை இறக்க வேண்டிய கோளாறு அது இல்லை. மெக்கானிக் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த முறை நின்றதும் பானெட்டைத் திறந்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, இன்ஜின் மேல் படும்படி வைத்து, கூட வந்தவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இதைச் செய்யாதீர்கள். நீலமாக ஸ்பார்க் வராமல் மஞ்சளாக மினுக்கினால், அல்லது வரவே இல்லையென்றால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது அதோடு சேர்ந்த கண்டன்சர் சூட்டில் படுத்துவிடுகிறது. இரண்டுமே பெரிய செலவில்லை.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. ஈரத்துணியை இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் போர்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பினால் அதுதான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். நம்மூர் சித்திரை வெயிலுக்குப் பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்த வைத்தியம்தான். நிரந்தரமாகச் சரிசெய்ய, பெட்ரோல் குழாயை, இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்க இருக்கும் தடித்த தக்கையை யாராவது கழற்றி எறியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டியில் இருக்காது!

அப்புறம், இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது. பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு), பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும், அதனால் இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.