கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் லிங்கனைக் கேட்டுவிடலாம்

சார், பையன் நீட்டில் தேறவில்லை, வீட்டில் இருந்தால் படிக்க மாட்டான், வெளியூர் ஹாஸ்டல் கோச்சிங்கில் ஒரு வருடம் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அவனுக்கு ரோஷம் வர தினமும் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தோல்விக் கதையைச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தத் தோல்விப் பட்டியலில் 1832-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் அவர் தோற்றது இருக்கும். 1834-இல் அதே சட்டமன்றத்துக்கு ஜெயித்ததும், அப்புறம் இன்னும் மூன்று முறை வரிசையாக ஜெயித்ததும் இருக்காது. தோற்றுக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் ஜனாதிபதி ஆகிவிடலாம் என்ற தப்புக் கணக்குதான் அதிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கும்.

நிஜ லிங்கன் அதைவிட உபயோகமானவர். பள்ளிக்குப் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் வராது. 22 வயதில் நியூ சேலம் என்ற சின்ன ஊருக்கு வந்து கடையில் வேலை பார்க்கிறார், தன் இலக்கணம் சரியில்லை என்று தெரிந்ததும் ஒரு இலக்கணப் புத்தகத்துக்காக மைல் கணக்கில் நடந்து போகிறார். சொந்தமாக ஆரம்பித்த கடை நொடித்துப்போய்க் கடன் ஏறியிருந்த நேரத்தில், 1833-இல், துணை சர்வேயர் வேலை வருகிறது. நில அளவை அவருக்குத் தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஊர் வாத்தியார் மென்டர் கிரகாமின் உதவியோடு கற்றுக்கொண்டு, கடனுக்குக் குதிரையும் கருவிகளும் வாங்கி அளக்கக் கிளம்பிவிட்டார். பிறகு பழைய கடை பாக்கிக்காக அந்தக் குதிரையும் கருவிகளும் ஏலத்துக்கு வந்தன, ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சுயமாக முன்னேறியவர் என்கிறோமே, அவருக்கும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். இதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

சட்டமும் அப்படித்தான். ஜான் ஸ்டுவர்ட் என்ற வக்கீலிடம் புத்தகங்களை இரவல் வாங்கித் தானாகவே படித்து 1836-இல் உரிமம் பெற்றார். (இன்று நம் நாட்டில் அது நடக்காது, கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.) 1855-இல் ஒரு இளைஞர் உங்களிடம் சட்டம் படிக்க வரட்டுமா என்று கேட்டபோது, நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, முந்நூறு பேர்கூட இல்லாத ஊரில்தான் படித்தேன், பெரிய ஊரில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவசியமில்லை, உறுதி இருந்தால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி என்று பதில் எழுதினார்.

ஆனால் அதே மனிதர் தன் மகனுக்கு என்ன செய்தார்? 1859-இல் ராபர்ட் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வு எழுதி 16 பாடத்தில் 15-இல் கோட்டை விட்டான். ஒரு வருடம் எக்ஸெட்டர் என்ற ஊரில் உள்ள பள்ளியில் படிக்க வைத்தார். 1860-இல் ஹார்வர்டில் சேர்ந்துவிட்டான். அதே வருடம் ராபர்ட்டின் நண்பன் ஒருவனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளராக இருந்த லிங்கன் உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதினார்: உன்னால் முடியும், இறங்கிவிட்டாய், ஜெயித்தே ஆக வேண்டும் என்று. திட்டவும் இல்லை, யாரோடும் ஒப்பிடவும் இல்லை.

அதனால் கோச்சிங்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பையன் தானாக உட்கார்கிறானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல், வீட்டில் வேறு யாராவது அவனிடம் கேட்கட்டும்: மறுபடி எழுத உனக்கே ஆசையா? ஆமாம் என்றால் மார்க்கைப் பாடவாரியாகப் பாருங்கள். பயாலஜி நன்றாக இருந்து பிசிக்ஸ் மட்டும் இழுக்கிறது என்றால், உள்ளூரில் ஒரு நல்ல பிசிக்ஸ் வாத்தியாரும் என்சிஇஆர்டி புத்தகமும் பழைய வினாத்தாள்களும் போதும், ஹாஸ்டல் தேவையில்லை. எல்லாமே இழுக்கிறது, ஆனால் ஒரு மாதம் ஒரே பாடத்தை வீட்டிலேயே தினமும் தவறாமல் படித்துக் காட்டுகிறான் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆசை இல்லை என்றால் லட்சக்கணக்கில் கட்டினாலும் வீண், சார். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.ஃபார்ம் எல்லாம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே கிடைக்கின்றன. ஆனால் விண்ணப்பத் தேதிகள் தனித்தனி, நாம் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது, அவற்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.