ஒரே நாளில் ஆக்ரா: பயணக் கேள்வி – பதில்

வடநாட்டுக் குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், மொத்தம் 42 பேர். டெல்லியிலிருந்து ஒரு நாள் ஆக்ரா. நிரலில் தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை, பதேபூர் சிக்ரி, மார்பிள் கண்காட்சி, இரவு டெல்லி திரும்புதல் என்று போட்டிருக்கிறார்கள். முடியுமா?
– வாசகர், திருப்பூர்

முதலில் காலண்டரைப் பாருங்கள். அந்த நாள் வெள்ளிக்கிழமை என்றால் தாஜ்மஹாலுக்கு விடுமுறை. கோட்டை திறந்திருக்கும், தாஜ் திறக்காது. இதைக் கவனிக்காமல் நிரல் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மற்ற நாள் என்றால் கணக்குப் போடுவோம். காலை 6 மணிக்கு பஸ் எடுப்பதாகச் சொல்வார்கள். 42 பேர் ஏறி, தலை எண்ணி, கிளம்ப ஆறரை. டெல்லிக்குள் ஊர்ந்து கிரேட்டர் நொய்டா போய், அங்கிருந்து 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச்சாலை. நடுவில் டிபனுக்கு ஒரு நிறுத்தம். ஆக்ராவில் இறங்கும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். தாஜுக்கு பாட்டரி வண்டி, சோதனை வரிசை எல்லாம் சேர்த்து 3 மணி நேரம். சாப்பாடு 1 மணி. கோட்டைக்கு ஒன்றரை மணியாவது வேண்டும். இதற்கே மாலை ஐந்து. சிக்ரியோ டெல்லிக்கு நேர் எதிர்த்திசையில் 37 கிலோமீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி. டிசம்பரில் ஆக்ராவில் ஐந்தரைக்கே சூரியன் விழுந்துவிடும். சிக்ரியின் பெரிய வாயிலான புலந்த் தர்வாசாவை இருட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சிக்ரி வேண்டும் என்றால் முதல் நாள் இரவே ஆக்ராவில் தங்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்: விடியலில் தாஜ், பத்து மணிக்குக் கோட்டை, சாப்பாடு முடித்துச் சிக்ரி. இந்த வரிசை ஓடும். டெல்லியிலிருந்து போய்த் திரும்புவதென்றால் தாஜும் கோட்டையும்தான். மார்பிள் கண்காட்சி பற்றிக் கீழே தனியாக வருகிறது.

எதை முதலில் பார்ப்பது என்பதைப் பருவம் தீர்மானிக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி. விடியலில் போனால் நுழைவாயிலில் நின்றுகொண்டு எதிரே வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் விலகும். அந்த மாதங்களில் டெல்லியிலிருந்து தாமதமாக வந்து சேர்வதே லாபம். தாஜின் முகப்பு தெற்கு நோக்கியது, குளிர்கால நண்பகல் சூரியனும் தெற்கே சாய்ந்து நிற்கும் என்பதால் வெளிச்சம் நேராக முகப்பில் விழும். ஏப்ரல், மே, ஜூனில் இதைத் தலைகீழாக மாற்றுங்கள். உச்சி வெயிலில் பளிங்கு கண்ணைக் கூசவைக்கும், கால் சுடும். முதலில் நிழலுள்ள கோட்டை, பிறகு சாப்பாடு, நான்கு மணிக்குத் தாஜ். சூரிய அஸ்தமனத்துக்கு 45 நிமிடம் முன்னதாக டிக்கெட் கவுண்டரையும், அரை மணி முன்னதாகக் கதவையும் சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

'நுழைவுக் கட்டணம் அடக்கம்' என்று சொன்னவர்கள், இப்போது உள்ளே போக ஆளுக்கு 200 ரூபாய் தனி என்கிறார்கள். ஏமாற்றா? யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் உறவினர்களுக்கு என்ன கட்டணம்?
– வாசகி, திருச்சி

ஏமாற்று இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாதது தவறுதான். தாஜில் இரண்டு அடுக்குக் கட்டணம். இந்தியர்களுக்கு வளாக நுழைவு 50 ரூபாய். அதில் தோட்டம், நீர்த்தடாகம், பக்கத்து மசூதி, யமுனைக் கரைப்பக்கம் எல்லாம் பார்க்கலாம். பளிங்கு மேடை ஏறிக் கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. பெரும்பாலான குழுக்கள் ஐம்பதைத்தான் கணக்கில் சேர்க்கின்றன.

சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடு என்பதால் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு 540 + 200. மலேசியா அதில் வராது. 1100 + 200. இருவரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும், பஸ்ஸில் அல்ல. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எந்த நாட்டவரானாலும் கட்டணமில்லை. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

அந்த 200 ரூபாய் தரலாமா? ஆயுளில் ஒருமுறை போகிறவர்கள் தரலாம். எட்டுப்பட்டைப் பளிங்குத் தடுப்பும், அதன் உள்ளே இரண்டு கல்லறைகளின் மேல் இழைத்த பூவேலையும்தான் அந்தக் கட்டடத்திலேயே மிக நுணுக்கமானவை. படம் எடுக்க அனுமதி கிடையாது. உள்ளே மங்கல் வெளிச்சம், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்காக வெளியே ஒரு மணி நேரம் நிற்கவேண்டி வரலாம்; அப்போது நாங்கள் தோட்டத்துப் பக்கம்தான்.

அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. வெற்றிலைப் பெட்டி இல்லாமல் நகரமாட்டார். குழுவில் சமையல்காரர் கூடவே வருகிறார், மதியத்துக்குப் பொட்டலம் தருவார்களாம்.
– வாசகி, கும்பகோணம்

பொட்டலமும் வெற்றிலைப் பெட்டியும் பஸ்ஸோடு நிற்கட்டும். சாப்பிடும் பொருள் எதுவும் உள்ளே போகாது, சாக்லேட் மிட்டாய் உட்பட. புகையிலை கூடவே கூடாது. பாக்குவெட்டியைக் கத்தியாகத்தான் பார்ப்பார்கள். தீப்பெட்டி, செல்போன் சார்ஜர், ஹெட்போன், டிரைபாட் இவற்றுக்கும் தடை. செல்போன், தண்ணீர் பாட்டில், பர்ஸ் எடுத்துப் போகலாம். வாசலில் பொருள்களை வைக்கும் லாக்கர் உண்டு. ஆனால் 42 பேரில் ஐந்து பேர் சோதனையில் மாட்டி லாக்கருக்கு ஓடினால், மிச்ச 37 பேர் அரை மணி நேரம் நிற்கவேண்டும். குழுக்கள் நேரத்தைத் தொலைக்கும் முதல் இடம் இதுதான்.

நடை எவ்வளவு என்று பார்ப்போம். தாஜைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி போகக்கூடாது. கிழக்குப் பக்கம் சில்ப்கிராமில் பஸ் நிற்கும். அங்கிருந்து வாயில் வரை ஏறத்தாழ 1 கிலோமீட்டர், பாட்டரி வண்டி உண்டு. சோதனை முடிந்தபின் முன்முற்றம், பெரிய வாயில், அப்புறம் தோட்டத்தின் நீளம் 300 மீட்டர். போய்த் திரும்ப இரண்டு மடங்கு. அம்மா தோட்டத்தின் நடுவில் இருக்கும் பளிங்கு மேடை வரை வந்தால் போதும். டயானா 1992இல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட இடம் அது. அதனால் அந்த ஒரு பெஞ்சுக்கு எப்போதும் தள்ளுமுள்ளு. பக்கத்தில் எங்காவது உட்கார்ந்தாலும் தாஜ் அதே தாஜ்தான். அதற்கு மேல் கல்லறை மேடைக்குப் படி ஏறவேண்டும். கோட்டையில் கதை வேறு: அமர்சிங் வாயிலைத் தாண்டியதும் செங்கல் நிறக் கற்சரிவு ஒன்று, வரிவரியாகச் செதுக்கியது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முட்டி பிடிக்கும். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும், செருப்பு வழுக்காததாக இருக்கவேண்டும்.

கூட்டத்தில் குழுவைத் தவறவிட்டால்?
– வாசகர், நாகர்கோவில்

சோதனைக்கு ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. கணவன் மனைவி அங்கேயே பிரிகிறார்கள். இருவர் டிக்கெட்டும் ஒருவர் போனில் இருந்தால் சிக்கல். அவரவர் டிக்கெட் அவரவரிடம்.

பெரிய தவறு வெளியே வரும்போது நடக்கும். கிழக்கு வாயில், மேற்கு வாயில் இரண்டும் அதே சிவப்புக் கல், அதே உருவம், ஒரே முற்றத்தில் எதிரெதிரே. மாறி வெளியே போனால் உங்கள் பஸ் நிற்பது ஊரைச் சுற்றி அடுத்த பக்கம். தாஜுக்கு முதுகைக் காட்டிப் பெரிய வாயிலைத் தாண்டினால், இடக்கை கிழக்கு, வலக்கை மேற்கு. நுழையும்போதே வாயிலை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற முறை குழுவை ஒரு மார்பிள் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். தாஜில் வேலை செய்தவர்களின் வம்சம் என்றார்கள். 9,000 ரூபாய்க்கு வாங்கிய தட்டில் இப்போது நகம் பட்டாலே கீறல். ஏன்?
– வாசகி, சேலம்

நகம் பட்டுக் கீறல் விழுந்தால் அது பளிங்கே அல்ல. நம் ஊரில் கல்சட்டி செய்கிறோமே, அந்த மாக்கல் வகை. கல்லின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மாக்கல் 1, நகம் இரண்டரை, பளிங்கு 3. ஆகவே நகம் மாக்கல்லைக் கீறும், பளிங்கைக் கீறாது. கடைக்காரர் கத்தியால் தேய்த்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. எஃகு இரண்டையும் கீறும், அவர் அழுத்தாமல் தேய்ப்பார், அவ்வளவுதான். எடையும் உதவாது. ஓரடி அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள தட்டு எந்தக் கல்லானாலும் ஏறக்குறைய 3 கிலோ வரும்.

கடையிலேயே செய்யக்கூடியது இது. தட்டைத் திருப்பி, மெருகிடாத அடிப்பாகத்தில் நகத்தை அழுத்தி இழுங்கள். மாவாக உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, செல்போன் விளக்கை அடியிலிருந்து பிடியுங்கள். நல்ல ராஜஸ்தான் மக்ரானா பளிங்கில் ஒளி பாலாகக் கசியும், சிவப்புக் கல் இதழ்கள் தணல்போல் எரியும். அந்தச் சிவப்பு, ஒளி ஊடுருவாமல் ஒரே நிறமாகத் தெரிந்தால் சாயமாக இருக்கலாம். கடைசியாக இதழின் ஓரத்தை விரல் நுனியால் தடவுங்கள். பர்ச்சின்காரி எனப்படும் அசல் வேலையில் கல்லைச் சாணைச் சக்கரத்தில் இழைத்து, அதன் உருவத்துக்கே பளிங்கில் குழி வெட்டி, பசையிட்டுப் பதித்து, மேலே சேர்த்து மெருகிடுவார்கள். இரண்டும் ஒரே மட்டம், விரலில் விளிம்பு தட்டாது. அவசர வேலையில் சந்து விழும், அதைப் பசையால் நிரப்பியிருப்பார்கள். ஓராண்டில் அந்தக் கோடு மஞ்சளாகும்.

வம்சக் கதைக்கு விலை தராதீர்கள். வேலைக்குத் தாருங்கள். பிடித்தது எதுவானாலும் கையோடு வாங்கி வாருங்கள். 'ஊருக்கே அனுப்பிவிடுகிறோம்' என்பதில் பார்த்த துண்டும் வந்த துண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இந்தக் கூடங்களில் விற்பனைக்குத் தக்கபடி அழைத்து வருபவருக்குக் கமிஷன் போவது வழக்கம். அதனால்தான் கோட்டைக்கு 45 நிமிடமும் கடைக்கு ஒன்றரை மணியும் ஒதுக்குகிறார்கள். முன்பதிவின்போதே 'கடை நிறுத்தம் எத்தனை, எவ்வளவு நேரம்' என்று எழுத்தில் கேளுங்கள். மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் நமக்கு நஷ்டமில்லை. நினைவுச்சின்னம் மூடியபின் கடைதானே திறந்திருக்கும்.

வழிகாட்டி சொல்வதில் எதை நம்புவது? கை வெட்டியது, கறுப்புத் தாஜ்...
– வாசகர், விருதுநகர்

தாஜைக் கட்டியவர்களின் கையை ஷாஜஹான் வெட்டினார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஷாஜஹான் தனக்காக அக்கரையில் கறுப்புத் தாஜ் ஒன்று கட்ட நினைத்தார் என்ற கதை, தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதிவைத்ததிலிருந்து கிளம்பியது. ஆற்றுக்கு அக்கரையில் மேத்தாப் பாக்கில் தோண்டியபோது கிடைத்தது எண்கோணக் குளமும் தோட்டமும்தான். கட்டடத்தின் கடைக்கால் அல்ல.

நேரில் சரிபார்க்கக்கூடியவற்றைக் கேளுங்கள். வாயில் வளைவைச் சுற்றியுள்ள அரபு எழுத்துகள் மேலே போகப்போகப் பெரிதாகின்றன. கீழிருந்து பார்க்கும்போது ஒரே அளவாகத் தெரிவதற்காக, அவற்றை எழுதிய கலைஞர் அமானத் கான் செய்த ஏற்பாடு. நான்கு மினார்களும் சற்று வெளிப்பக்கம் சாய்ந்தவை. உள்ளே மும்தாஜ் கல்லறை மிகச்சரியாக நடுவில். 1666இல் இறந்த ஷாஜஹானுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்ததில்தான் அந்த மண்டபத்தின் சமச்சீர் உடைந்தது. மேலே காண்பவை அடையாளக் கல்லறைகள், உடல்கள் அடியறையில். பிறகு கோட்டைக்குப் போனால் முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடம். மகனிடம் சிறைப்பட்ட ஷாஜஹான் கடைசி எட்டு ஆண்டுகள் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்தது அங்கிருந்துதான். கோட்டையை இரண்டாவதாக வைத்தால் இந்தக் கதை தானாகவே வரிசையில் அமையும்.

பௌர்ணமியில் குழுவாகப் பார்க்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பௌர்ணமி, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு, ஆக ஐந்து இரவுகள். வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாதமும் இல்லை. ஒரு தடவைக்கு 50 பேர், அரை மணி நேரம், தூரத்திலிருந்து. ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கவேண்டியிருப்பதால் பகலில் வந்து இரவில் திரும்பும் குழுவுக்கு ஒத்துவராது. டிசம்பர், ஜனவரிப் பௌர்ணமிக்குப் பனியின் தயவும் வேண்டும்.

ஆக்ரா பேட்டா இனிப்பு வாங்கி வந்தால் ஊர் சேரும் வரை கெடாதா?
– வாசகி, காரைக்குடி

நம் காசி அல்வாவுக்குப் போடும் அதே வெள்ளைப் பூசணிதான். துண்டு போட்டு, குத்தி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சர்க்கரைப் பாகில் வேகவைக்கிறார்கள். சுண்ணாம்பு பூசணியின் சதையை இறுக்குவதால்தான் பாகில் கரையாமல் வெளியே மொறுமொறு, உள்ளே சாறு. உலர்ந்த வகையை வாங்குங்கள், ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை வந்து காரைக்குடி சேர்ந்த பிறகும் ஒரு வாரம் தாங்கும். பாகில் மிதக்கும் அங்கூரி வகை இரண்டு மூன்று நாள்தான், அதுவும் ரயில் பெட்டி குலுக்கலில் டப்பா கசிந்து பையெல்லாம் எறும்பாகும். ஒரே பெயர்ப் பலகையோடு பத்துக் கடை இருக்கும். பலகையைப் பார்க்காமல் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கடிக்கும்போது சத்தம் வரவேண்டும்.